சிமெண்டு மூட்டையில் எந்தக் கம்பெனியானாலும் 'போர்ட்லேண்ட்' என்று போட்டிருக்கிறதே, ஏன்?

அது கம்பெனி பெயரில்லை, சிமெண்டு தயாராகிற ஊரும் இல்லை. மதுக்கரை மூட்டையிலும் சங்ககிரி மூட்டையிலும் அதே பெயர்தான் இருக்கும்.

போர்ட்லேண்ட், இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சின்னத் தீவு. அங்கே வெட்டுகிற வெளிறிய சுண்ணாம்புக்கல்லுக்கு அந்தக் காலத்தில் ஏக மதிப்பு. லண்டன் செயின்ட் பால் தேவாலயமே அந்தக் கல்தான். லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சேர்த்துச் சுட்டு அரைத்த தூளுக்கு 1824 அக்டோபரில் காப்புரிமை வாங்கினார். இறுகினால் அந்தக் கல் மாதிரி இருக்கும் என்று பெயரையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டார். நல்ல வியாபார மூளை! அவர் சூளையில் சூடு குறைவு. இன்றைய கிளிங்கர் (சூளையில் வெந்து வரும் கட்டி; இதை அரைத்துத்தான் சிமெண்டு) 1450 டிகிரி வாக்கில் வேகிறது. பெயர் அவருடையது, சரக்கு வேறு.

வீடு கட்டுகிறவர் பார்க்க வேண்டியது போர்ட்லேண்டுக்குப் பக்கத்துச் சொல்லை. 'ஆர்டினரி' என்றால் ஓ.பி.சி.; பெரும்பாலும் கிளிங்கர், கொஞ்சம் ஜிப்சம். 'பொஸலானா' என்றால் பி.பி.சி.; நம் பக்கம் விற்பதில் அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம். (இதுவும் ஊர்ப் பெயர்தான். இத்தாலியின் பொஸுவோலி பக்கத்து எரிமலைச் சாம்பலை ரோமானியர் சுண்ணாம்போடு கலந்தார்கள்.) 53 கிரேடு என்பது, 28 நாள் ஆன சோதனைக் கட்டி சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் தாங்கும் என்பது.

பி.பி.சி. மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். ஓ.பி.சி.க்கு 7 நாள் ஈரம் போதும் என்றால் இதற்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14. ஓ.பி.சி. கணக்கிலேயே முட்டுப் பிரித்தால் ரூஃப் தொய்யும்.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆடிக் காற்றில் ரூஃப் போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேல்ஈரத்தை உறிஞ்சிவிடும். அன்று சாயங்காலமே மயிரிழை விரிசல் ஓடும். அதன்மேல் சிமெண்டைத் தூவித் தேய்ப்பது வழக்கம், ஆனால் அந்தத் தோல் பின்னால் பொருக்காக உரியும். மட்டம் தட்டி, மேலே மினுங்கும் நீர் மறைந்ததும் பிளாஸ்டிக் தாளை மூடி ஓரத்தில் பாரம் வையுங்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம்.

மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியதையும், விரலால் நசுக்கி உடையாத கட்டி இருப்பதையும் ரூஃபுக்குப் போடாதீர்கள்.