துக்க நாட்களில் வேத வாசிப்பு: கேள்வி பதில்

வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களை நெடுங்காலமாகக் கற்பித்துவரும் மூத்த ஊழியர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: கணவர் இறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்ற வசனத்தைக் கண்டாலே மனம் உறுத்துகிறது. அழுவது அவிசுவாசமா ஐயா?

பதில்: இல்லவே இல்லை அம்மா. அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், வருகிற வசனம் அது; எழுதியபோது அவர் கட்டுண்ட கைதி. அதே பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாயில் கிடந்து பிழைத்திருக்கிறார். “துக்கத்தின்மேல் துக்கம்” வராதபடி தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார் பவுல். அப்படியானால் ஒரு துக்கம் ஏற்கெனவே அவர் நெஞ்சில் இருந்தது. அடுத்த அதிகாரத்தில் கண்ணீரோடு சொல்கிறேன் என்றும் எழுதுகிறார். அழுங்கள் அம்மா, யாரும் தடுக்க வேண்டாம்.

கேள்வி: வேதத்தைத் திறந்தால் மனம் ஒட்டவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: 13ஆம் சங்கீதத்தில். ஆறே வசனங்கள், வாய்விட்டு வாசியுங்கள். “எதுவரைக்கும்” என்று தாவீது தேவனிடமே முறையிடுகிறார், களிகூருதல் கடைசியில்தான் வருகிறது. அதைச் சொல்ல மனம் வராத நாளில் இரண்டாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 88ஆம் சங்கீதமோ நண்பர்களும் விலகிப்போன நிலையிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கும் வேதத்தில் இடம் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கேள்வி: “என்ன பாவம் செய்தாயோ” என்று உறவினர்கள் குத்திக்காட்டுகிறார்கள்.

பதில்: பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. பிறகு அவர்களும் யோபுவின் பாவமே துன்பத்துக்குக் காரணம் என்று குத்திக்காட்டினார்கள். அவர்கள் பேசியதற்காகக் கர்த்தர் கோபம் கொண்டதை யோபு புத்தகத்தின் 42ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த உறவினர்களுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல.

கேள்வி: விளைச்சல் பொய்த்துக் கடன் கழுத்தை நெரிக்கிறது. இதில் மகிழ்ச்சி எங்கே?

பதில்: தம்பி, ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரத்தை எடுங்கள். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, தொழுவத்து மாடு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எல்லாம் அற்றுப்போனாலும் என்கிறார். எந்த இழப்பையும் அவர் சிறிதாக்கவில்லை. அதன் பிறகே “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்கிறார். கூப்பிட்டும் நீர் கேட்கவில்லையே என்று முதல் அதிகாரத்தில் வழக்காடியவரும் இவரே. நீங்களும் இழந்ததையெல்லாம் பெயர் சொல்லி ஜெபியுங்கள். கடன் விவரத்தைப் போதகரிடம் மறைக்காதீர்கள். தவணை பற்றிப் பேச வங்கிக்குப் போகும்போது விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.