எழுத்துப்பிழை திருத்தும் எக்ஸ்டென்ஷனுக்கு எல்லாத் தளங்களின் அனுமதியும் எதற்கு?

'எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று குரோம் எச்சரிப்பதைப் பார்த்துப் பயந்துபோய்க் கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான்.

நீங்கள் தட்டச்சு செய்வதை எழுத்துப்பிழை திருத்தும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சிறு கருவி) பார்த்தாக வேண்டும், அது படிப்பது. பிழையின் கீழ் சிவப்புக் கோடு போட வேண்டும், அது மாற்றுவது. எந்தத் தளத்தில் எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே தெரியாததால் எல்லாவற்றையும் கேட்கிறது. 'எழுத்துப்பிழையை மட்டும் பார்' என்று கட்டுப்படுத்த பிரவுசரில் வழியில்லை. அனுமதி தளத்துக்குத்தான், நோக்கத்துக்கு அல்ல. ஆக, வங்கிப் பக்கமும் அதில் அடங்கும்.

எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் இது தேவையில்லை. ஐகானைச் சொடுக்கும்போது அந்த ஒரு டேபை மட்டும் அணுகும் 'ஆக்டிவ்டேப்' என்ற சிறிய அனுமதி இருக்கிறது. பக்கத்தில் உள்ள நிறத்தின் குறியீட்டை எடுத்துத் தரும் கருவிக்கு அதுவே போதும். அந்தக் கருவி எல்லாத் தளங்களையும் கேட்டால் நான் நிறுவ மாட்டேன்.

எனக்குப் பெரிய கவலை, எக்ஸ்டென்ஷன் கைமாறுவது. பயன்படுத்தாத டேப்களை நிறுத்திவைக்கும் 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷன் 2020-இல் விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூகுள் அதை நீக்கியது. புதிதாகக் கூடுதல் அதிகாரம் கேட்டால் குரோம் எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைத்து உங்களிடம் கேட்கும். ஏற்கெனவே முழு அனுமதி கொடுத்திருந்தால், அப்டேட் சத்தமில்லாமல் வந்துவிடும்.

சரி, உங்களுக்கு எழுத்துப்பிழை திருத்தி வேண்டுமென்றால், எக்ஸ்டென்ஷன் விவரப் பக்கத்தில் தள அணுகலைக் 'குறிப்பிட்ட தளங்களில்' என்று மாற்றி, மெயில் தளத்தை மட்டும் சேருங்கள்.