அந்த ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனத்தில் ஒன்றரை வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மொத்தம் 35 பேர். சம்பளம் 24,000 ரூபாய், ஈஎஸ்ஐ பிடித்தம் இல்லை. இது எனக்கு ஐந்தாம் மாதம், முதல் குழந்தை. மேனேஜர் கூப்பிட்டு, "நீயே லெட்டர் எழுதிக் கொடுத்துடும்மா, பிரசவம் முடிஞ்சு வந்தா பார்த்துக்கலாம். நீ இன்னும் பெர்மனென்ட் இல்லையே" என்கிறார். கொடுக்காவிட்டால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காதாம். வீட்டுக்காரரும் எதற்கு வம்பு, கொடுத்துவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: கொடுக்காதீர்கள். நிர்வாகம் உங்களை நீக்கினால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். மேனேஜருக்கு இது நன்றாகவே தெரியும். இல்லையென்றால் "நீயே எழுது" என்பாரா?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கும் மகப்பேறு விடுப்புச் சட்டம் பொருந்தும். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. உங்கள் உரிமை குறையவில்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். உங்கள் சம்பளத்துக்கு ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம் வரும். அவர்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இதைத்தான்.

பெர்மனென்ட் இல்லை என்ற பேச்சு எடுபடாது. டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில், அதாவது நிரந்தரமில்லாமல் வருகைப் பட்டியலில் மட்டும் பெயர் வைத்துத் தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களுக்கே இந்த உரிமை உண்டு என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்ப்ப காலத்தில் வேலையை விட்டு எடுத்தாலும் இந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். கடுமையான ஒழுங்கீனம் மட்டும்தான் விதிவிலக்கு. அதனால், இனி திடீரென்று உங்கள் கணக்கில் தப்பு கண்டுபிடித்து மெமோ வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, எழுத்திலேயே பதில் கொடுங்கள்.

இன்றைக்கே முதலாளிக்கு ஒரு மெயில் போடுங்கள். கோபம் வேண்டாம், நாலு வரி போதும்: "நான் கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவத் தேதி இன்னது. இன்ன தேதியிலிருந்து மகப்பேறு விடுப்பு வேண்டும். ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை." அந்தக் கடைசி வரிதான் உயிர்நாடி. டாக்டர் சான்றிதழை இணைத்து, அதே கடிதத்தை ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். மேனேஜரின் வாட்ஸ்அப் மெசேஜ் ஏதாவது இருந்தால் அழிக்காதீர்கள். அப்புறம், ஆபீஸ் மெயிலை எந்த நேரமும் முடக்கலாம். சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் போகட்டும்.

பதில் வராவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் செலவை நினைத்துத்தான் உங்கள் வீட்டுக்காரர் தயங்குகிறார் என்றால், நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போகும்போது வேலை நியமனக் கடிதம், சம்பள ஸ்லிப், ஸ்கேன் ரிப்போர்ட் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.