தாத்தா பெட்டியில் ஒரு செக்ஸ்டன்ட்: தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில் தோணி வைத்திருந்த என் தாத்தாவின் பெட்டியில் ஒரு திசைகாட்டியும், கப்பலில் கோணம் அளக்கும் கருவியான பித்தளை செக்ஸ்டன்டும் இருக்கின்றன. செக்ஸ்டன்டில் 'கெல்வின் அண்டு ஹியூஸ், லண்டன், 1917' என்று பொறித்திருக்கிறது. பழைய சாமான் வாங்கும் ஒருவர், "நூறு வருஷத்துச் சாமானைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் ஜெயில், என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் கட்டாயப் பதிவு, சிலை, ஓவியம் போல அரசு அறிவித்த சில வகைகளுக்குத்தான். கப்பல் கருவிகள் அதில் வராது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத்தான் தடை. பழம்பொருள் வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேண்டும். முதலில் அவருடையதைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுபடி வர மாட்டார்.

இன்னொன்று. கெல்வின் நிறுவனமும் ஹியூஸ் நிறுவனமும் ஒன்றாகச் சேர்ந்ததே 1947ல். 1917ல் அந்தக் கூட்டுப் பெயர் எங்கிருந்து வரும்? ரூர்க்கி, மொராதாபாத் பக்கத்துப் பட்டறைகளில் வரவேற்பறை அலங்காரத்துக்காக இப்படிச் செய்கிறார்கள். செய்கிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. நடுவில் புகுந்து அதைக் கப்பலில் கழற்றிய சாமான் என்று விற்கிறவர்கள்தான் ஆபத்து. உங்கள் வீட்டில் எடுத்தால், 'நாகை தோணிக்காரர் வீட்டுச் சாமான்' என்ற கதையும் சேர்ந்து கிடைக்கிறது. அவர் விலை பேசுவது அந்தக் கதைக்கு.

ஆனால் ஒரு விலக்கு உண்டு, இதைக் கவனியுங்கள். கருவி நிஜமாக இருந்து, பெயரை மட்டும் பிற்பாடு யாராவது பொறித்திருக்கலாம். செக்ஸ்டன்டின் வேலை, சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று அளப்பது. அதற்குக் கண்ணாடிகள் இம்மி பிசகாமல் நிற்க வேண்டும். சாயங்காலம், வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்போது நாகைக் கடற்கரைக்குப் போங்கள். கருவியில் நகரும் கையைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். நேராகத் தெரியும் பாதியும் கண்ணாடியில் தெரியும் பாதியும் ஒரே கோடாகச் சேர வேண்டும். இரண்டு பாதிக்கும் நடுவே லேசாகப் படிபோல விலகல் விழுந்தால் பரவாயில்லை. பழைய நல்ல கருவியிலும் விழும், கண்ணாடிக்குப் பின்னாலுள்ள திருகில் சரிசெய்யலாம். அந்தத் திருகே இல்லையா? கை லொடலொடவென்று ஆடுகிறதா? அலங்காரச் சாமான்தான். சூரியனை மட்டும் இதில் பார்த்துவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் கேட்கிறார் என்று கொடுத்தனுப்பினால், போலியாக இருந்தாலும் விமான நிலையத்தில் நிறுத்தலாம். 'பழம்பொருள் அல்ல' என்று சான்று வேண்டும். நண்பருக்காக ஓர் அலுவலகத்தில் அந்த ஒரு தாளுக்கு நான் நான்கு மாதம் நடந்தேன். இந்த இழுத்தடிப்புதான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. ஒரு தாளைக் கொடுக்க நான்கு மாதமா?

சரி, திசைகாட்டிக்கு வருகிறேன். யாழ்ப்பாணம் போய்வந்த தோணிக்குத் திசைகாட்டியும், எத்தனை பாகம் (கை விரித்த நீளம்) ஆழம் என்று பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிறும் போதும். அதனால் தாத்தா கையில் புழங்கியது அதுவாகத்தான் இருக்கும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பித்தளையில் வெட்டிய எழுத்தும் கோடும் மழுங்கிப்போகும். உலர்ந்த துணி போதும். தாத்தாவோடு தோணியில் போன பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் காட்டி, எந்தத் தோணி, எந்த வருஷம் என்று கேட்டு எழுதி, பெட்டிக்குள் வையுங்கள்.