சுகர் இருக்கறவர் மீட்லோஃப் சாப்பிடலாமா?

கேள்வி: டாக்டர், நாங்க டல்லாஸ்ல இருக்கோம். என் வீட்டுக்காரருக்கு 46 வயசு, சுகர் இருக்கு, எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 7.6, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 142. சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கறார், இப்ப எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையும் சேர்த்திருக்காங்க. பசங்களுக்காக வாரம் ஒரு நாள் மீட்லோஃப் (கைமாவ பிரெட் மாதிரி பிடிச்சு அவன்ல பேக் பண்றது) செய்யறேன், அவரும் ரெண்டு மூணு துண்டு சாப்பிட்டுடறார். லோ கார்பா, அதாவது மாவுச்சத்தும் சர்க்கரையும் கம்மியா செய்ய முடியுமா? பிரெட் தூளுக்கு பதிலா கோலா உருண்டைக்கு போடற மாதிரி பொட்டுக்கடலை மாவு போடலாமா?

பதில்: தாராளமா செய்யலாம்மா. கறியில கார்ப்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கிடையாது, அதோட நாம சேர்க்கறதுலதான் எல்லாம் இருக்கு. வழக்கமா அமெரிக்க வீடுகள்ல செய்யற முறையையே எடுத்துக்கோங்க. 2 பவுண்டு கைமாவுக்கு ஒரு கப் காஞ்ச பிரெட் தூள், அதுல கிட்டத்தட்ட 78 கிராம் கார்ப். மேல பூச அரை கப் கெச்சப், சுமார் 38 கிராம். அந்த கெச்சப்ல கலக்கற கால் கப் பிரவுன் சுகர் இன்னொரு 54. எல்லாம் சேர்த்து 170, எட்டு துண்டு போட்டா ஒரு துண்டுக்கு 21 கிராம், உங்க வீட்டுக்காரர் மூணு சாப்பிட்டா 63. இதுல பாதிக்கு மேல வர்றது உள்ள இருக்கற பிரெட்டால இல்ல, மேல பூசின இனிப்பால. எல்லாரும் பிரெட்டயே குறை சொல்லிட்டு கெச்சப்ப விட்டுடறாங்க.

அதனால முதல்ல மேல்பூச்ச மாத்துங்க. தக்காளி பேஸ்ட் மூணு டேபிள்ஸ்பூன், கொஞ்சம் வினிகர், கடுகு சாஸ், மிளகுத்தூள், பூண்டு, அவ்வளவுதான், மொத்த லோஃபுக்கும் பத்து கிராம் கார்ப் கூட வராது. பசங்க இனிப்பு வேணும்னு அடம் பிடிச்சா அவங்க பக்கத்து பாதிக்கு மட்டும் கெச்சப் பூசுங்க.

பிரெட்ட அப்படியே எடுத்துட்டா மட்டும் போதாது. வேகும்போது கறி விடற தண்ணிய அதுதான் பிடிச்சு வெச்சு மெதுமெதுன்னு வைக்குது, பதிலுக்கு எதுவும் போடலன்னா லோஃப் செங்கல் மாதிரி வரும். நீங்க கேட்ட பொட்டுக்கடலை மாவு நல்ல யோசனைதான், ஆனா அது கார்பே இல்லாத பொருள் இல்ல, கால் கப்புல 18 கிராம் அளவுக்கு இருக்கு, 78-க்கு பதிலா 18ன்னா எனக்கு சம்மதம், கால் கப்போட நிறுத்திக்கோங்க. இன்னும் குறைக்கணும்னா பாதாம் மாவு அரை கப், 10 முதல் 12 கிராம்தான். ரெண்டுல எதுவானாலும் காளானயும் வெங்காயத்தயும் பொடியா நறுக்கி தண்ணி சுண்ட வதக்கி, ஆறினதும் ரெண்டு முட்டையோட சேர்த்துக்கோங்க, ஈரமும் கிடைக்கும் கறியும் கொஞ்சம் குறையும். ரொம்ப பிசையாதீங்க, இறுகிடும்.

இப்ப எனக்கு கவலையா இருக்கறது அந்த எல்டிஎல் 142. லோ கார்ப்னு போட்டுட்டு பேக்கன சுத்தி, உள்ள சீஸ் அடைச்சு செய்யறாங்களே, அது இவருக்கு வேண்டவே வேண்டாம். 80/20 பீஃப்ல, அதாவது நூத்துக்கு 20 பங்கு கொழுப்பு இருக்கற கைமாவுல, 4 அவுன்ஸுக்கு 8, 9 கிராம் சாச்சுரேட்டட் கொழுப்பு, நீங்க போடற ஒரு துண்டே ஏறக்குறைய அவ்வளவுதான். 7 பங்கு கொழுப்பு மட்டும் இருக்கற 93/7 வாங்கினா அது மூணரைக்குள்ள வந்துடும். எல்டிஎல் கூட இருக்கறவங்களுக்கு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் சொல்ற வரம்பு, 2000 கலோரி சாப்பிடறவருக்கு, ஒரு நாளைக்கே 13 கிராம்தான். டர்க்கின்னா மார்புக்கறி மட்டும் அரைச்சதானு லேபிள பாருங்க, சிலதுல தோலும் சேர்த்து அரைச்சிருப்பாங்க.

லோஃப் பான்ல அடைக்காம கம்பி ரேக்ல வெச்சு கீழ ஒரு தட்டு போட்டு பேக் பண்ணுங்க, உருகற கொழுப்பு வடிஞ்சிடும். 350 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஒரு மணி நேரம் ஆகும், ஆனா கடிகாரத்தயும் நிறத்தயும் நம்பாதீங்க, தெர்மாமீட்டர நடுவுல குத்தி பாருங்க, பீஃப்னா 160, டர்க்கி, சிக்கன்னா 165 வரணும். அரைச்ச கறியில கிருமி வெளியில மட்டும் இருக்காது, உள்ள முழுக்க கலந்திருக்கும்.

மருந்து விஷயம் ரொம்ப முக்கியம். வாரம் ஒரு நாள் இப்படி சாப்பிடறதால ஒண்ணும் ஆகாது. ஆனா இது நல்லா இருக்கேன்னு அவர் உற்சாகமாகி சோறு, சப்பாத்தி எல்லாத்தயும் மொத்தமா நிறுத்திட்டு கீட்டோவுல (கார்ப ரொம்பவே குறைச்ச டயட்) இறங்கிட்டா, எம்பாகிளிஃப்ளோசின் எடுக்கறவங்களுக்கு கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன்ங்கற அமிலம் ரத்தத்துல ஆபத்தான அளவுக்கு சேர்றது, வர்ற ஆபத்து கூடும். அதுல மோசம் என்னன்னா மீட்டர்ல சுகர் சாதாரணமா காட்டலாம், அதனால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்கறது, காரணம் தெரியாத அசதி இருந்தா மாத்திரைய நிறுத்திட்டு உடனே எமர்ஜென்சிக்கு போங்க, இந்த மாத்திரை எடுக்கறார்னு சொல்லி கீட்டோன் பாக்க சொல்லுங்க. கார்ப ரொம்ப குறைக்கறதா இருந்தா மருந்து எழுதற டாக்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

செஞ்ச அன்னைக்கு ரெண்டு துண்டோட நிறுத்த சொல்லி, சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் பாருங்க, 180-க்கு கீழ இருக்கணும். கொழுப்பும் புரோட்டீனும் சேர்ந்த சாப்பாடு மெதுவா ஏத்தும்ங்கறதால நாலு மணி நேரத்துல இன்னொரு தடவையும் பாத்துடுங்க. அப்பவும் எகிறியிருந்தா பக்கத்துல என்ன வெச்சீங்கன்னு பாருங்க, மசிச்ச உருளைக்கிழங்கு ஒரு கப்ல மட்டும் 35 கிராம் கார்ப் இருக்கு, அதுக்கு பதிலா காலிஃபிளவர மசிச்சு வெச்சிடுங்க.