மாம்பழத் தோல் கார்பன் புள்ளிகள் குளுக்கோஸைக் காட்டவில்லையா?

வணக்கம். கிருஷ்ணகிரி மாம்பழத் தோலில் கார்பன் புள்ளிகள் (ஒளிரக்கூடிய மிக நுண்ணிய கார்பன் துகள்கள்) செய்தீர்கள், புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்கின்றன, ஆனால் குளுக்கோஸ் சேர்த்தால் ஒளி மாறவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம், வெறும் கார்பன் புள்ளிக்குக் குளுக்கோஸை அடையாளம் தெரியாது. இடையில் ஓர் ஆள் வேண்டும்.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைச் சேர்த்துப் பாருங்கள். அது குளுக்கோஸை மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். கரைசலில் ஃபெரஸ் இரும்பு (Fe²⁺) இருந்தால், அந்தப் பெராக்சைடு அதை ஃபெரிக் இரும்பாக (Fe³⁺) மாற்றும், ஃபெரிக் பல கார்பன் புள்ளிகளின் ஒளியை மங்கவைக்கும். ஆகவே முதலில் உங்கள் புள்ளிகள் ஃபெரிக்குக்கு மங்குகின்றனவா என்று தனியாகச் சோதியுங்கள். குளுக்கோஸ் சேர்க்காத கரைசல் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

போரானிக் அமில வழியும் உண்டு; போரான் உள்ள இந்தச் சேர்மம் சர்க்கரையை நேராகப் பற்றிக்கொள்ளும். ஆனால் அது ஃபிரக்டோஸை இன்னும் இறுகப் பிடிக்கும். அதோடு நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அதுவும் போரானைப் பற்றிக்கொள்ளும். ஆகவே இந்த வழியில் போனால் பாத்திரத்தைக் கடைசியாக அலசுவதுகூட வாலை வடிநீரில்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், சிறுநீரில் குளுக்கோஸைச் சோதிக்க இப்போதே இறங்காதீர்கள். அதிலுள்ள வைட்டமின் சி பெராக்சைடைத் தின்றுவிடும், அளவு குறைத்துக் காட்டும். ஃபெரிக் சோதனை முடிந்ததும் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.