கோயில் சிற்பமும் கட்டட வேலையும் உண்மையிலேயே பக்தியை வளர்க்கிறதா, இல்லை வேடிக்கை பார்க்கத்தானா?

கேள்வி கேட்டவர் அநேகமாகத் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போய், அண்ணாந்து பார்த்து, நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு, சாமி கும்பிட மறந்து திரும்பியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் ஒரு உறுத்தல். தப்பே இல்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு பக்தி வந்த வழி கொஞ்சம் கோணலானது. சாமியின் முதுகால் வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஸ்தபதி, அதாவது சாஸ்திரப்படி சிலை வடிக்கிற சிற்பி இல்லை. என் தாய்மாமா சுவாமிமலையில் ஒரு விக்கிரகப் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தார். அவருக்கு ஒன்றரை வருஷம் எடுபிடியாக இருந்தேன், அவ்வளவுதான். ஆகமம் தெரிந்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். 'வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல்லைக் கும்பிடுகிறவனுக்கு பக்தி இல்லையா' என்று கிளம்பப்போகிறவர்களுக்கும் பதில் இதோ: இருக்கிறது, என்னைவிட அதிகமாகவே. எங்கள் குலதெய்வமே மூன்று செங்கல்தான்.

இன்ஜினியரிங்கில் ஏழு அரியர் வைத்துவிட்டு ஊருக்கு வந்த வருஷம் அது. (மீதி ஃபீஸ் கட்டினால்தான் பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டைத் தருவோம் என்று கல்லூரியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதில் கல்லூரி பஸ் கட்டணமும் சேர்த்தி. அந்த பஸ்ஸில் நான் ஒரு நாள்கூட ஏறியதில்லை. வேறு எங்கே போய்ச் சொல்வது, இங்கே சொல்கிறேன்.) சும்மா கிடக்காதே என்று அம்மா என்னை மாமாவோடு அனுப்பிவிட்டார்.

ஆரம்பத்தில் மண் வேலைதான். காவிரி வண்டலைச் சலித்துப் பிசைந்து கொடுக்க வேண்டும். தேன்மெழுகையும் குங்கிலியம் என்கிற மரப்பிசினையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, அந்த மெழுகில் உருவம் பிடிப்பார்கள். அளவுக்கு டேப் கிடையாது. சாமியின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்தே முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று எடுப்பார்கள். சிவன், பெருமாள் என்றால் உத்தம தசதாளம் என்கிற அளவு முறை, மொத்த உயரம் 124 பாகம். அம்மனுக்கு 120. மெழுகு உருவத்தின்மேல் வண்டலை அப்பி நிழலில் காயவைத்து, மேலே இன்னும் மண் போட்டு, கம்பி கட்டிச் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அது இருந்த இடத்தில் உலோகம் இறங்கும். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரு சாமி. பழுதானால் மறுபடி மெழுகிலிருந்து.

ஒரு வருஷம் போனபின் அரமும் உளியும் கைக்கு வந்தன. இரண்டரை அடி அம்மன். முன்பக்கத்தை மாமாவே முடித்துவிட்டு, பின்பக்கப் பின்னலில் கோடுகளைத் தெளிவாக்குகிற வேலையை என்னிடம் விட்டார். இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாம் நாள் கும்பகோணத்தில் ஒரு படம் ரிலீஸ். பின்னலின் கீழ்ப்பாதியை அரத்தால் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன்.

"டேய், கீழ என்னடா மொழுமொழுன்னு இருக்கு?"

"எப்படியும் புடவை சாத்திடுவாங்க மாமா. யாரு பாக்கப்போறா?"

அவர் திட்டவில்லை. நான் வைத்த உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படம் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வருகிறேன், அதே இடத்தில் இருக்கிறார். நான் தேய்த்து அழித்ததை ஒவ்வொரு கோடாகத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக் கூலியில் எனக்கு ஒரு நாள் பிடித்தம். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்த அம்மன் பக்கத்துக் கிராமக் கோயிலுக்குப் போனாள். நவராத்திரிக்கு மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டு, காசுமாலை, இடுப்புவரை பூ. வெளியே தெரிந்தது முகமும் ஒரு கையும் மட்டும்தான். தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம் என்கிற வட்டம், அதற்குக் கீழே பிரிந்து விழும் சுருள், பின்னல், எல்லாம் துணிக்குள். அபிஷேகம் செய்கிற குருக்களைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. பின்னலில் எந்தக் கோடு லேசாகக் கோணல், அது யார் கை என்று எனக்குத் தெரியும். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லாமல் நானாகப் போட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் மாமா கண்ணை மூடி நின்றார். தரையில் கிடத்தி, காலால் அணைத்துப் பிடித்து அரம் போட்ட ஒன்றை இந்த மனுஷன் எப்படிக் கும்பிடுகிறார் என்று எனக்குள் அதுவரை ஒரு கேலி இருந்தது. அன்றோடு போனது.

சரி, பெரிய கோயிலுக்கு வருவோம். 1010-இல் ராஜராஜன் கலசம் கொடுத்த அந்த 216 அடி விமானத்தை எல்லோரும் வெளியிலிருந்து பார்க்கிறோம். உள்ளே, மேல்தளத்துச் சுற்றில், 108 கரணங்களுக்கு, அதாவது நாட்டிய நிலைகளுக்கு, கல் வைத்து 81-ஐச் செதுக்கியிருக்கிறார்கள். மீதி 27 வெறும் கல்லாகவே நிற்கின்றன. அங்கே நம்மை விடுவதில்லை, நானும் படத்தில்தான் பார்த்தேன். எனக்கு அந்த உயரத்தைவிட இந்த இருட்டுச் சுற்றுதான் பெரிது.

இதை விட்டுவிட்டு, 'பெரிய கோயில் நிழல் தரையில் விழாது' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அவர்களை என்ன செய்வது? சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள், தாராளமாக விழுகிறது. பட்டறை வாசலில் வந்து 'கிலோ என்ன ரேட்?' என்று கேட்பவர்களும் இதே ரகம்தான். பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரைக் கல்வெட்டில் வெட்டிவைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மனின் பீடத்தில் உபயதாரர் பெயர் இருக்கிறது, அவர் சம்சாரம் பெயர் இருக்கிறது. மாமா பெயர் இல்லை. அவருக்கு அதில் வருத்தமில்லை, எனக்கு உண்டு.

அடுத்த முறை தஞ்சாவூர் போனால் அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் போங்கள். திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளையோடு நிற்கிற சிவன், இருக்கிறார், 1011-இல் செய்தது. பட்டில்லை, மாலையில்லை, காளையும் இல்லை. இல்லாத காளைமேல் கையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். தலைப்பாகை மாதிரி சுற்றிய அந்தச் சடையைப் பாருங்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவர் முன்னால் போனார். இது கோயில் இல்லை பெரியவரே, போட்டுக்கொள்ளுங்கள் என்றார் அங்கிருந்தவர். மாமா காதில் வாங்கவே இல்லை. நான் இரண்டு ஜோடிச் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.